தரவுத்தளப் பதிப்பு மாற்றமும் தரவின் நிலைபேறும்

பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரிக்கும். ஆதலின் ஏட்டிலுள்ளதைக் காக்க விரும்பிய முன்னோர், பழைய ஏடு சிதையுமுன் அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அச்சுப்பொறி வந்தபின், சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) முதலாயினோர் ஏட்டுப் பிரதிகள் பலவற்றைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி அச்சிற் பதிப்பித்தனர். 1881இல் வீரசோழியமும் 1887இல் கலித்தொகையும் அவ்வாறு அவரால் அச்சேறின. ஏடு மாறினும் நூல் மாறாதிருத்தல் வேண்டும் என்பதே அப்பணியின் குறிக்கோள்.

இக்காலத்தில் மக்களுடைய பிறப்பு, கல்வி, உடைமை, கடன், நோய் என்பன பற்றிய பதிவுகளுட் பெரும்பகுதி கணினித் தரவுத்தளங்களில் வைக்கப்பட்டுள்ளது. அத்தரவுத்தளங்களை ஆளும் மென்பொருளும் பனையோலை போலவே மூப்படைவது. குறித்த காலத்துக்கொருமுறை புதிய பதிப்புக்கு மாற்றப்படவேண்டுவது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதன்கண் இடர் எங்கே மறைந்துள்ளது, அவ்விடரைத் தவிர்க்கும் நெறி யாது என்பன கணினித் துறையினர் மட்டுமன்றிப் பதிவேடு பேணும் யாவரும் அறியத்தக்கன.

தொடர்புசார் தரவுத்தளம்

இன்று மிகப் பரவலாக வழங்குவது தொடர்புசார் தரவுத்தளமாகும். இதன் கோட்பாட்டை வகுத்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட் என்னும் அறிஞர். 1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த தமது கட்டுரையில், தரவுகள் யாவற்றையும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் கருதலாம் என்றும், அவை பொறியினுள்ளே எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பயனாளர் அறியவேண்டுவதில்லை என்றும் அவர் காட்டினார்.

ஒரு கல்லூரியின் பதிவேட்டை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அட்டவணையில் ஒவ்வொரு மாணவனுடைய சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி என்பன இருக்கும். மற்றோர் அட்டவணையில் சேர்விலக்கம், பாடம், பெற்ற புள்ளி என்பன இருக்கும். இரண்டினையும் இணைப்பது சேர்விலக்கம் என்னும் சாவி. "இன்ன மாணவன் கணிதத்திற் பெற்ற புள்ளி யாது?" என்று வினவுவோன், விடை எந்தத் தட்டில் எந்தக் கோப்பில் உள்ளதென்று சொல்லவேண்டியதில்லை; வேண்டுவது யாதென்று சொன்னாற் போதும். தேடும் வழியை மென்பொருளே தெரிந்துகொள்ளும். பதிப்பு மாற்றம் இயலுவதாயிருப்பதும் இக்கோட்பாட்டினாலேயே ஆகும். உள்ளமைப்பு மாறினும் வினாவும் விடையும் மாறவேண்டியதில்லை என்பது கொள்கை. நடைமுறையில் அக்கொள்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே ஆராயத்தக்கது.

பதிப்பு மாறுதலின் காரணம்

இவ்வாராய்ச்சிக்குப் போஸ்ற்கிறெஸ் கியூ.எல். என்னும் தரவுத்தள மென்பொருள் சிறந்த எடுத்துக்காட்டாகும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கர் என்பவர், இங்கிறெஸ் என்னும் முந்திய ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1986இல் இதனைத் தொடக்கினார். 1994இல் அன்று யூ, யொலி சென் என்னும் மாணவர் இருவர் இதற்கு எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியைச் சேர்த்தனர். 1996இல் இப்போதுள்ள பெயர் வழங்கலாயிற்று. எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய இம்மென்பொருளை உலகெங்குமுள்ள வல்லுநர் கூடிப் பேணிவருகின்றனர்.

இதன் வெளியீடுகள் இருவகையின. ஒன்று சிறு வெளியீடு. இது நூலொன்றின் மறு அச்சில் அச்சுப்பிழைகளை மட்டும் திருத்துவது போன்றது. சேமிப்பு முறை மாறாமையின், பழைய செய்நிரலை நிறுத்திப் புதியதை வைத்து மீண்டும் இயக்கினாற் பெரும்பாலும் போதும். மற்றையது பெரும்பதிப்பு. ஏறக்குறைய ஆண்டுக்கொன்றாக இது வெளிவருகின்றது. 18ஆம் பதிப்பு 2025 செப்ரெம்பரில் வெளியாயிற்று. பெரும்பதிப்பில், எந்தெந்த அட்டவணைகள் உள்ளன, அவற்றின் நிரல்கள் யாவை என்பவற்றைத் தரவுத்தளம் தனக்கெனக் குறித்துவைக்கும் உள்ளட்டவணைகளின் அமைப்பு மாறிவிடும். ஆகையால் புதிய செய்நிரல் பழைய கோப்புகளைத் திறக்க மறுக்கும். இம்மறுப்பு குறையன்று, தவறாகப் படித்துப் பொருளைக் கெடுப்பதிலும் படிக்க மறுப்பது மேலானது.

ஒவ்வொரு பெரும்பதிப்பும் ஐந்தாண்டுகளே பேணப்படும். 12ஆம் பதிப்பின் பேணுகை 2024 நவெம்பரிலும் 13ஆம் பதிப்பினது 2025 நவெம்பரிலும் முடிவுற்றன. அதன்பின் பாதுகாப்புக் குறைபாடு எதுவும் கண்டறியப்பட்டாலும் அப்பதிப்புக்குத் திருத்தம் வெளிவராது. குறைபாடு எதுவென்பது உலகுக்கு வெளிப்பட்டிருக்க, அதனை மூடும் வழி மட்டும் இல்லாத நிலை அது. பழையது நன்றாக ஓடுகின்றதே என்று வாளாவிருப்போர், கூரை ஒழுகாத கோடையிலே ஓலை மாற்றத் தவறியவரை ஒப்பர்.

மாற்றத்துக்குரிய மூவழிகள்

முதலாவது, எழுதி எடுத்து மீளப் பதித்தல். பீ.ஜீ. டம்ப் என்னும் கருவி, தரவுத்தளத்திலுள்ள அட்டவணைகளின் அமைப்பையும் நிரைகளையும், அவற்றை மீள உருவாக்குதற்கான கட்டளைகளாக எழுதித் தரும். புதிய பதிப்பில் அக்கட்டளைகளை இயக்கினால் யாவும் புதிதாய்ப் பிறக்கும். பழைய பதிப்பிலிருந்து எடுக்கும்போதும் புதிய பதிப்போடு வந்த கருவியையே பயன்படுத்துதல் நலம். பின்னையதன் தேவையை முன்னையது அறியாது. மேலும், இக்கருவி ஒரு தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தையே எடுப்பது. பயனாளர் பெயர்களையும் அவர்தம் கடவுச்சொற்களையும் எடுத்தற்குப் பீ.ஜீ. டம்ப்-ஓல் என்னும் வேறு கருவி உண்டு. இதனை மறந்தோர், தரவு யாவும் வந்தபின்னரும் ஒருவரும் உள்நுழைய இயலாமை கண்டு திகைப்பர். இவ்வழி மிகத் தூயது. ஆயினும் தரவு பெருகப் பெருகக் காலமும் பெருகும். எழுதி எடுக்கத் தொடங்கிய கணத்தின்பின் பழையதிற் பதியப்படுவன பிரதியில் இடம்பெறா. எனவே அக்காலம் முழுவதும் புதிய பதிவுகளை நிறுத்திவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கோப்புகளை இருந்தவாறே ஏற்றல். 2010இல் வெளிவந்த 9.0ஆம் பதிப்பிலிருந்து உடன்வரும் பீ.ஜீ. அப்கிறேட் என்னும் கருவி இதனைச் செய்யும். உள்ளட்டவணைகளே பதிப்புக்குப் பதிப்பு மாறுவன. பயனாளரின் தரவைக் கொண்ட கோப்புகளின் அமைப்பு மிக அரிதாகவே மாறும். இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு, உள்ளட்டவணைகளை மட்டும் புதிதாக அமைத்துத் தரவுக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறை இது. கோப்புகளை நகலெடுத்தும் கொள்ளலாம். நகலெடாது பழைய கோப்புக்கே புதிய பெயரொன்றை இணைத்தும் கொள்ளலாம். இணைக்கும் முறையில் மிகப் பெரிய தரவுத்தளமும் சில நிமிடங்களில் மாறிவிடும். ஆனால் புதிய பதிப்பை ஒருமுறை இயக்கியபின் பழையதை அச்சமின்றி மீண்டும் இயக்கல் இயலாது. இரண்டிற்கும் கோப்பு ஒன்றேயாதலின். விரைவுக்குக் கொடுக்கும் விலை மீள்வழியாகும்.

மூன்றாவது, தொடர்ந்து படியெடுத்தல். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து, பழைய பதிப்பு இயங்கிக்கொண்டிருக்கவே அதில் நிகழும் ஒவ்வொரு சேர்ப்பையும் திருத்தத்தையும் நீக்கத்தையும் புதிய பதிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்க இயலும். இரண்டும் சமநிலை எய்தியபின் பயனாளரைப் புதியதன்பாற் திருப்பிவிடலாம். தடை சில கணங்களே. ஆயினும் அட்டவணை அமைப்பில் நிகழும் மாற்றங்கள் இவ்வழிச் செல்லா. அடுத்த சேர்விலக்கம் யாது என்று எண்ணிவைக்கும் எண்வரிசையின் நிலையும் 18ஆம் பதிப்புவரையிற் செல்வதில்லை. பழையதில் 5000ஆவது மாணவன் சேர்ந்திருக்க, புதியது ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். முதலில் வரும் புதிய மாணவனுக்கு ஏலவே வழங்கிய இலக்கத்தையே வழங்க முயன்று, சாவி இரட்டித்தது என்று மறுத்துவிடும். எண்வரிசைகளைத் தனியே முன்னேற்றிவைத்தல் மாற்றுவோனின் கடமையாகும்.

அகரவரிசையால் நேர்ந்த இடர்

மேற்கூறியன வெளிப்படையான இடர்கள். எவரும் தொடாத தரவு, தொடாமலே கெட்டுவிடும் இடர் ஒன்றும் உண்டு.

பெரிய அட்டவணையில் ஒரு பெயரை விரைவிற் கண்டறிதற்காகத் தரவுத்தளம் ஓர் அடைவை வைத்திருக்கும். அகராதியிற் சொல் தேடுவோன் நடுப்பக்கத்தைத் திறந்து, தேடுஞ்சொல் முன்னதோ பின்னதோ என்று நோக்கி, எஞ்சிய பாதியை விலக்கிச் செல்வது போன்றதே அடைவிற் தேடும் முறை. அடைவை அடுக்கியவனும் அதிற் தேடுபவனும் ஒரே வரிசையைக் கொண்டிருக்கும்வரையே இம்முறை செல்லும். வரிசை வேறுபடின், சொல் அகராதியில் இருந்தும் இல்லையென்று தோன்றும்.

போஸ்ற்கிறெஸ் கியூ.எல்., எழுத்துகளின் வரிசையை வழக்கமாகத் தானே வகுத்துக்கொள்வதில்லை. கணினியின் பணிசெயல் முறைமையிடமிருந்து பெறுகின்றது. லினக்ஸ் முறைமைகள் பலவற்றில் அவ்வரிசையைத் தருவது ஜீ-லிப்-சீ என்னும் நூலகம். 2018இல் வெளிவந்த அதன் 2.28ஆம் பதிப்பு, அனைத்துலக நியமத்துக்கு இணங்க வரிசை விதிகளைப் பெரிதும் மாற்றிற்று. முன்னர் "11" என்பது "1-1" என்பதற்கு முன் நின்றது. அதன்பின் "1-1" முன்வந்தது. பழைய விதிப்படி அடுக்கிய அடைவுக் கோப்புகளை அப்படியே புதிய முறைமைக்குக் கொண்டுசென்றால் இதன் விளைவு தெரியவரும். நிரை அட்டவணையில் இருக்கும், தேடல் இல்லையென்னும். இல்லையெனக் கருதியமையால், ஒரே சாவியுடைய இரண்டாவது நிரையையும் தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் எழாது. இரண்டு எழாமையும் ஒருங்கே நிகழ்வதனாலேயே இவ்விடர் கொடிது.

மருந்து எளிது. எழுத்துத் தரவின்மீது அமைந்த அடைவுகளை மீள அடுக்குமாறு கட்டளையிடின் போதும். எழுதி எடுத்து மீளப் பதிக்கும் முதல் வழியில் அடைவுகள் புதிதாகவே அடுக்கப்படுதலின் பழைய வரிசை எஞ்சியிராது. ஐயமுள்ளவிடத்து, 10ஆம் பதிப்பு முதல் உடன்வரும் ஆம்-செக் என்னும் கருவியால் அடைவின் ஒழுங்கைச் சோதிக்கலாம்.

முறைமையின் வரிசையை நம்பாது, எழுத்துகளின் யூனிக்கோட் எண்வரிசையையே கொள்வோரும் உளர். அவ்வரிசை மாறுவதன்று, ஆயினும் தமிழுக்கு அது பொருந்தாது. யூனிக்கோட்டில் றகரம் லகரத்துக்கு முன்னும், ழகரம் வகரத்துக்கு முன்னும், னகரம் நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே "பலகை"க்கு முன் "பறவை"யும் "பவளம்" என்பதற்கு முன் "பழம்" என்பதும் வந்து நிற்கும். பெயர்ப்பட்டியலைத் தமிழ் நெடுங்கணக்கின்படி வேண்டுவோர், அடைவுக்கு ஒரு வரிசையும் அச்சிடும் பட்டியலுக்கு மற்றொரு வரிசையும் கொள்ளுதல் தகும்.

பயன்படுத்துவோரின் எதிர்பார்ப்பு

தரவும் அடைவும் பழுதின்றிச் சேர்ந்தபின்னரும், அவற்றைப் பயன்படுத்தும் செய்நிரல்கள் இடறக்கூடும். 2008இல் வந்த 8.3ஆம் பதிப்பு, எண்ணை எழுத்தாகத் தானே மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைக் கைவிட்டது. "19" என்று தொடங்கும் சேர்விலக்கங்களைத் தருக என்று எண் நிரலை எழுத்துப்போற் கருதிக் கேட்ட பழைய வினவல்கள், அன்றுமுதற் பிழையெனத் திருப்பப்பட்டன. 2021இல் வந்த 14ஆம் பதிப்பு, கடவுச்சொல்லைக் காக்கும் முறையில் வலிமை மிக்க ஸ்கிறாம் என்பதை இயல்பான தெரிவாக்கிற்று. அதனை அறியாத பழைய இணைப்புச் செய்நிரல்கள் வாயிலிலேயே நின்றுவிட்டன. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு, புதிதாக ஆக்கப்படும் தரவுத்தளங்களின் பொதுவிடத்தில் எவரும் அட்டவணை அமைக்கலாம் என்ற உரிமையை நீக்கிற்று. இவை ஒவ்வொன்றும் திருத்தமே. எனினும் பழைய தளர்ச்சியைத் துணையாகக் கொண்டு எழுதப்பட்டவற்றுக்குத் திருத்தமே இடராயிற்று.

விரைவும் மாறுபடக்கூடும். எந்த அட்டவணையில் எத்தனை நிரைகள், எந்தப் பெறுமானம் எத்துணை அடிக்கடி வரும் என்ற புள்ளிவிபரத்தைக் கொண்டே தரவுத்தளம் தேடும் வழியைத் தெரிவு செய்கின்றது. 18ஆம் பதிப்புக்கு முன் பீ.ஜீ. அப்கிறேட் அப்புள்ளிவிபரத்தைக் கொண்டுசெல்லவில்லை. மாற்றியவுடன் அதனை மீளத் திரட்டாதவிடத்து, முன்பு கணப்பொழுதில் விடையளித்த வினவல்கள் நெடுநேரம் தாழ்த்தன. 18ஆம் பதிப்பு அதன் பெரும்பகுதியைத் தானே கொண்டுசெல்லும். ஆயினும் அப்பதிப்பிற் புதியதொரு நுட்பம் உண்டு: கோப்புப் பழுதை அறியும் சரிபார்ப்புத்தொகை புதிய தொகுதிகளில் இயல்பாகவே இயங்கும். பழைய தொகுதியில் அஃது இல்லையாயின், புதியதையும் அஃதில்லாமலே அமைத்தாலன்றிக் கருவி மாற்றத்துக்கு உடன்படாது.

தரவு சேர்ந்தமை மட்டும் போதாது என்பதற்கு வங்கித் துறையில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். அது பதிப்பு மாற்றத்தினும் பெரிய முறைமை மாற்றம். பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி, 2018 ஏப்பிரலில் ஒரு வார இறுதியில், ஏறக்குறைய 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளைப் பழைய முறைமையிலிருந்து புதியதற்கு மாற்றிற்று. தரவு செவ்வனே சென்று சேர்ந்ததென்று ஒழுங்குமுறை அதிகாரிகளே பின்னர்க் குறிப்பிட்டனர். ஆயினும் புதிய முறைமை வாடிக்கையாளரின் சுமையைத் தாங்கவில்லை. தம் பணம் தமக்கே எட்டாத நிலையிற் பெருந்தொகையினர் தவித்தனர். வழமை நிலை திரும்ப அவ்வாண்டு டிசெம்பர் ஆயிற்று. இழப்பீடாக வங்கி 3 கோடியே 27 இலட்சம் பவுண் வழங்கிற்று. 2022 டிசெம்பரில் 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டமும் விதிக்கப்பட்டது. சென்று சேர்ந்த தரவு, உரியவர் கேட்டபோது கிடைத்தாலன்றிப் பயன் தருவதன்று.

மாற்றுதற்குரிய நெறி

இவற்றிலிருந்து பெறப்படும் நெறி சிலவாகும். முதலாவது, ஒத்திகை. உண்மைத் தரவின் முழுப் பிரதியொன்றைக் கொண்டு, மாற்றம் முழுவதையும் முன்னரே ஒருமுறையேனும் நடத்திப் பார்த்தல் வேண்டும். எத்தனை மணி நேரம் செல்லும் என்பதும் எவ்வினவல் இடறும் என்பதும் அங்கேதான் தெரியவரும். ஒத்திகை மாணவரைத் துன்புறுத்தாது. பரீட்சை நாளில் நேரும் பிழையே துன்புறுத்தும்.

இரண்டாவது, காப்புப் பிரதி. எடுத்துவைத்த பிரதி, மீளப் பதித்துப் பார்க்கப்படும்வரை காப்பு எனப்படாது. திறக்கப்படாத பெட்டியில் ஏடு உள்ளதோ செல்லரித்த தூள் உள்ளதோ என்பது எவருக்கும் தெரியாது.

மூன்றாவது, ஒப்புநோக்கல். நிரைகளின் தொகையை மட்டும் எண்ணி அமைதல் கூடாது. ஆயிரம் நிரைகள் ஆயிரமாகவே வந்து சேர்ந்திருக்க, ஒரு மாணவனின் 78 புள்ளி 87 ஆகியிருக்கவும் கூடும். ஒவ்வோர் அட்டவணையிலும் எண் நிரல்களின் கூட்டுத்தொகை, திகதிகளின் முதலும் முடிவும், நிரைகளின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்புத்தொகை என்பவற்றை இருபுறமும் கணித்து ஒப்பிடுதல் வேண்டும். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியோர் பக்கங்களை எண்ணியமையவில்லை, எழுத்தெழுத்தாய் நோக்கினர்.

நான்காவது, மீள்வழி. எந்த மணிக்குள் இன்னது நிறைவேறாவிடிற் பழையதற்கே மீள்வது என்பதை, மனம் அமைதியாயிருக்கும் முன்னாளிலேயே எழுதிவைத்தல் வேண்டும். புதியதிற் புதிய பதிவுகள் சேரத் தொடங்கியபின் பழையதற்கு மீள்வோர், இடையே சேர்ந்தவற்றை இழப்பர். ஆதலின் வாயிலைத் திறக்குமுன்னரே சோதனை முடிதல் வேண்டும். திறந்தபின்னரும் சிலகாலம் பழையதை அழியாது வைத்தல் வேண்டும்.

தொடர்புசார் தரவுத்தளத்தின் கோட்பாடு தோன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அக்காலத்துக்குள் எத்தனையோ மென்பொருள்கள் தோன்றி மறைந்தன. அவற்றுள் வைக்கப்பட்ட ஒரு குழந்தையின் பிறந்த திகதியோ, ஒரு குடும்பத்தின் காணி உறுதியோ, ஒரு மாணவனின் பரீட்சைப் புள்ளியோ அவற்றோடு மறைதற்குரியதன்று. மென்பொருளைப் புதுக்குவோனிடம் ஒப்படைக்கப்படுவது பொறியன்று. தம் பதிவு அங்கே உள்ளதென்று நம்பியிருக்கும், அவன் ஒருபோதும் கண்டிராத மாந்தரின் நம்பிக்கையாகும். ஒத்திகையையும் ஒப்புநோக்கலையும் காலவிரயமென்று தள்ளாது மேற்கொள்பவனே அந்நம்பிக்கைக்கு உரியவனாவான்.